அப்பன் வீட்டுப் பொடி

"கையைப் பின்னால வெச்சிக்க தம்பி. பாக்கறதுன்னா கண்ணால பாரு, யாரு வேணான்னா."

மலர்க்கொடி சொன்னதும் செங்குட்டுவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். நிலக்கரி யார்டில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து நாளெல்லாம் கரி வாருகிற ஆள், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் மாட்டிய பையன் மாதிரி ராயபுரத்தில் ஒரு சின்ன அறைக்குள் நின்றுகொண்டிருந்தான். எதிரே பாயில் அவன் பெண்டாட்டி நர்மதா. அவள் மடியில் அவன் பெற்ற மகள். பேர் இன்னும் வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாப்பாவின் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் செக்கச்செவேல் என்று பொரிப்பொரியாய் இருந்தது. அரிப்பு தாங்காமல் காலை உதைத்து உதைத்து அழுதது.

"நீ வர்ற ஞாயித்துக்கெயமை எல்லாம் புள்ளைக்கு இது வருது," என்றாள் மலர்க்கொடி. "நடுவுல ஒரு வாரம் ஓ.டி. பாக்கறேன்னு வராம இருந்த பாரு, அப்போ புள்ள உடம்பு வாயத்தண்டு கணக்கா இருந்துச்சி. போன வாரம் வந்த, தூக்கி கொஞ்சின, திரும்பவும் ஆரம்பிச்சிடுச்சி. நான் இன்னான்னு நெனைக்கறது, நீயே சொல்லு."

சொல்ல என்ன இருக்கிறது. அவன் கையைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு மையால் கோடு போட்டது மாதிரி இருக்கும். நகக்கண்ணில் கரி. விரல் அடியில் காய்ப்பு காய்த்து, அதில் வெடிப்பு விட்டு, அந்த வெடிப்புக்குள்ளும் கரி. குளிக்காமல் வந்தவன் இல்லை. துணி சோப்பு போட்டு, பீர்க்கங்கூடு போட்டு, போதாததற்குக் கொஞ்சம் மண்ணெண்ணெயும் தடவித் தேய்த்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தான். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் உரிந்தது, கறுப்பு அப்படியே நின்றது.

மலர்க்கொடி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் கறார். நர்மதாவின் அக்கா. தாயில்லாத வீட்டில் தங்கச்சியை வளர்த்துக் கட்டிக் கொடுத்து, இப்போது பிரசவத்துக்கும் கூட்டி வந்து வைத்திருப்பவள். விடியும் முன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, தெருத்தெருவாய் விற்று, மத்தியானம் வந்து பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சமைப்பாள். அவளுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்யும். அந்த அறையில் களைத்துப் போகாத ஆள் ஒருத்தரும் இல்லை, பாப்பாவையும் சேர்த்து.

"மூணாம் மாசம் முடிஞ்சதும் கூட்டிகினு போறேன்னு சொன்னியே," என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். "இந்தக் கையோட நான் அனுப்ப மாட்டேன். கை ஒயுங்கா ஆவட்டும், அப்புறம் வா, தூக்கு, கூட்டிகினு போ. அதுவரைக்கும் போன்ல பாரு."

அவன் நர்மதாவைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. "கொஞ்ச நாளுதானேய்யா," என்றாள். அவளுக்கும் ராத்திரித் தூக்கம் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. யாராவது எதையாவது காரணம் சொன்னால் சரி என்று இருந்தது அவளுக்கு.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். அதற்கு மட்டும் மலர்க்கொடி முகம் கொஞ்சம் இளகியது. "பொடியா? குடு. டாக்டரு சோப்பே காட்டக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வேளையும் இதான் போட்டுகினு கீறேன். நீ குடுக்கறதுலயே இது ஒண்ணுதான் உருப்படி."

அந்தப் பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குப் போடுகிற குளியல் பொடி அப்பன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர்கள் பக்கத்துப் பழக்கம். மாமியார்க்காரி செய்து அனுப்புவாள். செங்குட்டுவனின் அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அதனால் என்ன என்று அவனே உட்கார்ந்து செய்தான். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், ஆவாரம்பூ. எல்லாவற்றையும் எண்ணூரில் தன் வீட்டு மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காய வைத்தான். காக்கா வருகிறதா என்று பார்த்தான், ஆடு ஏறுகிறதா என்று பார்த்தான், மேகம் கட்டுகிறதா என்று பார்த்தான். மூணு நாள் லீவு போட்டுக் காவல் காத்த மனுஷன். அரைத்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துணியில் சலித்தான். பிஞ்சுத் தோல் பாருங்கள், உறுத்தக் கூடாது. மொத்தமாய்க் கொடுத்தால் வண்டு விழும் என்று வாரத்துக்கு ஒரு பாட்டிலாகக் கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு பொறுமையாய் எதையும் செய்ததில்லை.

திரும்பி வரும் பஸ் தண்டையார்பேட்டை தாண்டி கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் இல்லையா. அழுகைதான் வந்தது, அதையும் பஸ்ஸில் வைத்து அழ முடியாது என்று அடக்கிக்கொண்டான்.

அவன் தெரு முனையில் நவ்ரீன் என்கிற பெண் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். ஆம்பளைகள் உள்ளே போக மாட்டார்கள். செங்குட்டுவன் வாசல் திரைக்கு வெளியே நின்றுகொண்டு இருமினான்.

"இன்னாண்ணா, நர்மதா வந்துட்டாளா?"

"இல்லமா. எனக்குத்தான். கை மெத்துனு ஆவணும். இன்னா பண்ணணும்?"

அவள் சிரிக்கவில்லை, பாவம். சிரிக்க வந்தாள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவன் கதையைச் சொல்லி முடித்ததும் கையை நீட்டச் சொன்னாள்.

"மொதல்ல அந்த மண்ணெண்ணெயைத் தூக்கிப் போடு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடியே நல்லெண்ணெய் தடவிகினு, மேல உறையும் போட்டுகினு போ. கரி எண்ணெயிலதான் ஒட்டும், தோலுக்குள்ள எறங்காது. வந்ததும் வெந்நீர்ல ஊற வை. சக்கரையும் தேங்காயெண்ணெயும் போட்டு மெதுவா தேய், அடிச்சித் தொவைக்காத, அது கை, கோணி இல்ல. அப்புறம் கத்தாழை. படுக்கும்போது எண்ணெ தடவி சாக்ஸ் மாட்டிக்க."

"சாக்ஸு காலுக்குல்ல?"

"கைல மாட்டுண்ணா. யாரு பாக்கப் போறா."

மாட்டினான். தனியாள் வீட்டில் கையில் சாக்ஸோடு படுத்துக் கிடந்தான். கொசு கடித்தால் சொறியக்கூட முடியாது. யார்டில் கூட வேலை செய்கிற அறிவு, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு மூக்கை உறிஞ்சினான். "இன்னா மாமு, உன் மேல பஜ்ஜி வாசனை அடிக்குது?" கற்றாழைக்கு ரயில்வே லைன் ஓரம் போய் மடல் ஒடித்து வந்தான். எலுமிச்சை மூடியை நகத்தில் குத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெடிப்பில் சாறு இறங்கும்போது உயிர் போகும். டபுள் ஷிப்ட் முடித்து வந்தவனுக்கு வெந்நீர் வைக்கவே எழுந்திருக்க முடியாது. சில நாள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போவான், தண்ணீர் சுண்டிப் போயிருக்கும். மறுபடி வைப்பான்.

வீட்டுக்குள் ஒரு வேலை மிச்சமிருந்தது, அதையும் செய்தான். கூரையில் தூளி கட்ட ஒரு கொக்கி அடித்தான். நர்மதாவின் பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்து மாடிக் கொடியில் போட்டான், தூளிக்கு. பாப்பா வந்து படுக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கூத்தும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போகவில்லை. பொடி பாட்டிலை மட்டும் அறிவிடம் கொடுத்து அனுப்பினான், அறிவுக்கு வீடு ராயபுரம்தான். போனில் நர்மதா பாப்பாவைக் காட்டுவாள். பொரி அப்படியே இருந்தது. பழைய சூடு, போகப் போகத்தான் குறையும் என்றாளாம் மலர்க்கொடி. அடுத்த வாரமும் குறையவில்லை. அதற்கடுத்த வாரம் முதுகுக்கும் பரவியிருந்தது.

"நீ வரவேயில்லை. அப்புறம் எப்டிய்யா?" என்று கேட்டாள் நர்மதா. அவள் குரலில் கேள்விகூட இல்லை, வெறும் சலிப்புதான்.

அவன் கை என்னவோ நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நவ்ரீன் கைராசிக்காரி. காய்ப்பு கரைந்து, வெடிப்பு மூடி, ரேகையில் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு போக என்ன போடலாம் என்று கேட்டதற்கு, "கொயந்தைக்குச் செஞ்சியே பொடி, அதையே போட்டுக் கழுவு, அதைவிட நல்லது இன்னா கீது" என்று அவள் சொல்லியிருந்தாள். போட்டுக் கழுவ ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, விரல் இடுக்கிலும் மணிக்கட்டின் உள்பக்கத்திலும் அரிப்பு எடுத்தது. செக்கச்செவேல் என்று பொரிப்பொரியாய். எங்கேயோ பார்த்த பொரி.

பாட்டிலோடு நவ்ரீனிடம் போனான். அவள் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தாள். நிறுத்தினாள். மறுபடி தேய்த்தாள்.

"நறநறங்குது," என்றாள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கலக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மஞ்சள் கலங்கல் மெதுவாய்த் தெளிந்தது. டம்ளர் அடியில், மாவுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் மெல்லிசாய் ஒரு பட்டை படிந்திருந்தது.

"எங்கண்ணா காய வெச்ச?"

"மாடில. நல்ல வெயிலு."

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். கூரைகளுக்கு மேலே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நின்றன, தினமும் நிற்கிற மாதிரியே.

என்ன முட்டாள்தனம் என்று கேட்கத் தோன்றும். வெளியூர்க்காரன் கேட்பான். அந்த ஊரில் பிறந்தவனுக்குச் சாம்பல் ஒரு பொருளே இல்லை. சாப்பிடும் முன் தட்டைத் துடைக்கிறான், சட்டையை மாட்டும் முன் உதறுகிறான், பைக் சீட்டைக் கையால் தட்டிவிட்டு ஏறுகிறான். ஏன் செய்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. காக்காவைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான், மழையைப் பார்த்தான், மேலேயிருந்து எந்நேரமும் விழுந்துகொண்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு தடவை வேறு சலித்தான். சலித்தால் சக்கைதான் துணியில் நிற்கும், சாம்பல் நிற்குமா. அது மாவோடு மாவாய்ப் போய்விட்டது.

செங்குட்டுவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். முதலில் வந்தது நிம்மதி. என் கை இல்லை, என் கை இல்லை என்று மனசு அடித்துக்கொண்டது. ஓ.டி. பார்த்த அந்த வாரம் அவனோடு பொடியும்தான் போகவில்லை. அப்புறம், நாமே நம் கையால் செய்து கொண்டு போய்க் கொடுத்தோமே என்று நெஞ்சு எரிந்தது. பாப்பா அழுத அழுகை ஒவ்வொன்றும் காதில் வந்தது.

"இத்த இன்னாத்துக்கு வெளிய சொல்லிகினு," என்றாள் நவ்ரீன். அவள் நல்லது நினைத்துத்தான் சொன்னாள். "எங்கம்மா ஆம்பூர்லேர்ந்து பொடி அரைச்சி அனுப்புவாங்க, சுத்தமா கீது. உன் பாட்டில்ல போட்டுத் தரேன். கொண்டு போய் குடு. ஒரு வாரத்துல பாப்பாவுக்கு எறங்கிடும். உன் கையும் நல்லாயிடுச்சி. கை சரியாச்சி, புள்ளைக்கும் சரியாச்சின்னு அவங்களே நெனைச்சிக்குவாங்க. நர்மதாவைக் கூட்டிகினு வந்துடு. எதுக்குப் பேஜாரு."

எவ்வளவு சுலபம் பாருங்கள். அவனுக்கும் அது பிடித்துப் போயிற்று. ஏன் பிடிக்காது, எத்தனை நாளாய்த் தனியாய்க் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான். ஆம்பூர்ப் பொடி நிரப்பிய பாட்டிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நாளைக்கே போய்விடலாம், தூளிச் சேலையையும் எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறினான்.

சேலை கொடியில் காய்ந்து கிடந்தது. உருவி, மடிக்க ஆரம்பித்தான். உள்ளங்கை துணி மேல் ஓடியபோது நறநற என்றது. நின்றான். மறுபடி தடவினான். மணல் மாதிரிகூட இல்லை, அதைவிடப் பொடிசு, ஆனால் உறுத்தியது. இதே கொடியில் இதே கை எத்தனை வருஷமாய்த் துணி எடுக்கிறது, ஒரு நாளும் தெரிந்ததில்லை. காய்ப்புக் காய்த்த கைக்கு எங்கே தெரியும். எண்ணெய் போட்டு, சர்க்கரை போட்டு, சாக்ஸ் மாட்டித் தூங்கி மெத்தென்று ஆக்கிய கைக்குத்தான் தெரிந்தது.

சேலையை அடிவயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். பொடியை மாற்றிவிடலாம். இந்தச் சேலையை? பாப்பாவின் சட்டையை? ஜன்னலை? பாயை? பாப்பா மூச்சு விடுவதை எந்த ஆம்பூரிலிருந்து வரவழைப்பது. இந்த ஊரை நினைத்து அவனுக்கு அப்போது வந்ததும் கோபமில்லை, அசதிதான். இந்த வீட்டில்தான் அவன் தவழ்ந்தான், இருமினான், சொறிந்தான், வளர்ந்தான். வளர்ந்தாயிற்று, சரி. அவளும் அப்படித்தான் வளர வேண்டுமா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனே கேட்டுக்கொண்டான்.

மறுநாள் ராயபுரத்தில் மலர்க்கொடி கதவைத் திறந்ததும் அவள் கண் முதலில் அவன் கைக்குத்தான் போயிற்று. "காட்டு," என்றாள். காட்டினான். அவள் தொட்டுப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், நம்பாமல் மறுபடி தொட்டாள். "அட, இன்னா போட்ட? என் கையைவிட உன் கை நல்லா கீதே. உள்ள வா, தூக்கிக்க."

அவன் உள்ளே வந்தான். தூக்கவில்லை.

"அக்கா, கை இல்ல அது," என்றான். "பொடி. மாடில காய வெச்சேன். சாம்பல் வுயுந்து கெடந்திருக்கு. நான்தான் பாக்கல. ஒவ்வொரு வாட்டியும் நானே கொண்டாந்து குடுத்திருக்கேன். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்ருங்க. இது வேற பொடி, நல்ல பொடி." அப்புறம் பையிலிருந்து சேலையை எடுத்து வைத்தான். "தூளிக்குத் தொவைச்சி வெச்சேன். இதுலயும் அதே எயவுதான் கீது. தடவிப் பாருங்க."

நர்மதா மடியிலிருந்த பாப்பாவின் முதுகை மெதுவாய்த் தடவிக்கொண்டே அவனைப் பார்த்தாள். மலர்க்கொடி சேலையைத் தடவிப் பார்த்தாள், விரல் நுனியைத் தேய்த்துப் பார்த்தாள். விறுவிறு என்று போய் நர்மதாவின் மடியிலிருந்து பாப்பாவை எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.

"உன் கை மேல பயி போட்டுட்டேன் தம்பி," என்றாள். "மனசுல வெச்சிக்காத."

பாப்பா கனமே இல்லை. அவன் உள்ளங்கையில் அதன் தலை சரியாய் அடங்கியது. அவன் சாக்ஸ் மாட்டிப் படுத்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். பாப்பா ஒரு தடவை நெளிந்தது, முகத்தைச் சுளித்தது, அப்புறம் அப்படியே தூங்க ஆரம்பித்தது.

மலர்க்கொடி சேலையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் பக்கெட்டில் முக்கினாள். அலசிப் பிழிந்தாள். தண்ணீர் கலங்கலாய் இருந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். அதுவும் கலங்கிற்று. முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மறுபடி குனிந்தாள். தண்ணீர் தெளிவாய் வரும் வரைக்கும் அலசினாள். செங்குட்டுவன் பிள்ளையை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாம் மாசம் அனுப்பறேன்னேன்," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.

"தெரியுங்கா."

"எப்டி அனுப்புவேன், சொல்லு."

அவன் இங்கே வந்து தங்கலாம் என்றால் இந்த அறையில் இன்னொரு ஆள் படுக்க இடம் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். ஷிப்ட் வேலைக்கு இங்கிருந்து லாரி வரிசையைத் தாண்டிப் போய்ச் சேர முடியாது, அதுவும் தெரியும். நர்மதா எழுந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைக்குக் கீழே இருந்த அவன் கையைத் தொட்டாள், விரலால் ரேகையைத் தடவினாள்.

"மெத்துனு கீது," என்றாள். "ஞாயித்துக்கெயமை ஞாயித்துக்கெயமை வந்துடுய்யா. வுட்றாத."

"வரேன்," என்றான்.

மலர்க்கொடி சேலையை வெளியே போடவில்லை. உள்ளேயே மின்விசிறிக்கு நேராகக் குறுக்குக் கொடி கட்டிக் காயப் போட்டாள். அது காய்ந்ததும் நாற்காலி போட்டு ஏறி, உத்தரத்தில் கயிறு மாட்டித் தூளி கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "போடு" என்றாள். செங்குட்டுவன் பிள்ளையை அதில் போட்டான்.